ஓர் அமிலம், இரு மக்கள்



அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளெண்டேல் என்னும் ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்றொரு குடும்ப மருத்துவர் இருந்தார். தொண்டைச்சதை அறுவைக்குப் பின் வலி தணிய ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை மெல்லத் தருவது அவர் வழக்கம். அதனை மிகுதியாக மென்றவர்களுக்குக் குருதி நில்லாமல் கசிவதைக் கண்டார். குருதி உறைவதை இம்மருந்து தடுக்குமாயின், இதயக் குழாயில் உறைந்து உயிர் பறிக்கும் குருதியையும் தடுக்குமன்றோ என எண்ணி, நடுவயதைக் கடந்த ஆண்களுக்கு நாள்தோறும் ஆஸ்பிரின் கொடுத்தார். ஏறத்தாழ 8,000 பேருக்குக் கொடுத்ததாகவும் அவருள் எவர்க்கும் மாரடைப்பு நேரவில்லை என்றும் 1956-இல் எழுதினார். மருந்து உண்ணாதாரோடு ஒப்பிட்டுக் காட்டாமையால் மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டே கிரேவன் மாரடைப்பால் மறைந்தார். அவர் கூற்றுக்கு அதனினும் பெரிய இழுக்கு வேறு என்ன வேண்டும்?

ஆயினும் அவர் கண்டது மெய்யே. அம்மெய்யின் வேர் அராக்கிடோனிக் அமிலம் என்னும் ஒரு கொழுப்பமிலத்தில் இருந்தது.

இப்பெயர் நிலக்கடலையின் தாவரவியற் பெயரான அராக்கிஸ் என்பதிலிருந்து வந்தது. வியப்பு யாதெனில், நிலக்கடலையில் இவ்வமிலம் இல்லை. கடலையில் உள்ள வேறோர் அமிலத்தின் உறவினால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இறைச்சியிலும் முட்டையிலும் இது நேராகக் கிடைக்கும். புலால் உண்ணாதார் உடல் என்ன செய்யும் என்னும் வினா இவ்வவையில் எழுவது இயல்பே. நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு லினோலியிக் அமிலமாகும். அதனைக் கொண்டே உடல் தனக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலத்தை ஆக்கிக்கொள்கிறது. எனவே காய்கறி உணவினர் எவரும் இதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

செல்லின் மேலுறையில் இவ்வமிலம் அடங்கிக் கிடக்கும். காயமோ அழற்சியோ நேர்ந்தால் விடுபட்டு, நொதிகளின் கைப்பட்டு வேறு வேறு பொருள்களாக உருமாறும். அவற்றுள் ஒரு குடும்பத்திற்குப் புராஸ்டாகிளாண்டின் என்று பெயர். சுவீடன் அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர் 1930-களில், அது புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பதாகக் கருதி இட்ட பெயர் அது. பின்னர் உடலெங்கும் அது பிறப்பது தெரிந்தது, பெயர் மாறவில்லை. அறிவியலிலும் பெயர் வைத்தவர் தவறு எளிதில் போவதில்லை போலும்!

1899 முதல் உலகெங்கும் விற்கப்பட்ட ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971 வரை எவரும் அறியார். அவ்வாண்டில் இங்கிலாந்தின் ஜான் வேன், புராஸ்டாகிளாண்டின் உருவாவதையே ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். 1975-இல் சுவீடனின் பெங்ட் சாமுவெல்சன் குழுவினர், குருதித் தட்டணுக்களில் இவ்வமிலம் திராம்பாக்சேன் என்னும் பொருளாக மாறுவதைக் கண்டனர். அது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும், குழாயைச் சுருக்கும், அரை நிமிடத்திற்குள் பாதியாய் அழிந்துபோகும். மறு ஆண்டு வேனும், சால்வடார் மொன்காடா முதலிய அவர்தம் துணைவரும் குழாயின் உட்சுவரில் அதே அமிலம் புராஸ்டாசைக்ளினாக மாறுவதைக் கண்டனர். இது தட்டணுக்களைப் பிரித்து வைக்கும், குழாயை விரிக்கும். ஒரு தாய்க்கு இரு மக்கள். ஒருவன் கட்டியதை மற்றவன் அவிழ்ப்பான். வெட்டுப்பட்ட விரலில் குருதி நிற்பதும், வெட்டுப்படாத குழாயில் குருதி ஓடுவதும் இவ்விருவர் இழுபறியால் நிகழ்வன. முயல், பன்றி முதலிய உயிர்களின் குழாய்த் துண்டுகளைக் கொண்டே இவ்வறிவு பெறப்பட்டது என்பதை இவ்வவையில் மறைப்பது முறையன்று. பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிட்டியது.

அவ்வாறாயின் ஆஸ்பிரின் இருவரையும் ஒருங்கே அடக்கிவிடாதோ? நுட்பம் இங்கேதான் உள்ளது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் அதன் நொதியை ஒருமுறை முடக்கினால், புதிய நொதியை அதனால் ஆக்க இயலாது. ஏறத்தாழ 10 நாள் வாழ்ந்து, முடங்கியபடியே மடியும். குழாய்ச் சுவரின் செல்லுக்கு உட்கரு உண்டு. அது சில மணி நேரத்தில் புதிதாக ஆக்கிக்கொள்ளும். ஆகவே 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவு, தீயவனைக் கட்டிவைத்து நல்லவனைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மிகுதியாக உண்டால் இருவரும் அடங்குவர். அளவே இங்கு மருந்து.

1988-இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், மாரடைப்பு ஐயத்துடன் வந்த 17,187 பேர் இடம்பெற்றனர். ஒரு மாதம் ஆஸ்பிரின் உண்டவரிடை இதய, குருதிக்குழாய் இறப்புகள் 23 விழுக்காடு குறைந்தன. எவ்வெப் பிரிவினர்க்குப் பயன்பட்டது எனப் பிரித்துக் காட்டுமாறு இதழாசிரியர் கேட்க, அத்தகைய பிரிப்பு எத்துணைப் பொருளற்றதாகலாம் என்று காட்டுதற்பொருட்டு, ஆய்வாளர் நோயாளிகளை இராசிவாரியாகவும் பிரித்து வெளியிட்டனர். மிதுனத்தாருக்கும் துலாத்தாருக்கும் மருந்து பயன்படவில்லை என வந்தது! நகையாடற்கெனச் செய்ததாயினும், எண்களை நம்புவார் நினைவில் வைக்கத்தக்கது.

சமநிலை குலைந்த கதையும் ஒன்றுண்டு. வயிற்றைப் புண்ணாக்காத வலிநீக்கி எனப் புகழப்பட்ட ரோஃபெகாக்சிப், 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குழாய்ச் சுவரின் புராஸ்டாசைக்ளினைக் குறைத்தது. தட்டணுவின் திராம்பாக்சேனைத் தொடவில்லை. நல்லவனைக் கட்டிவைத்துத் தீயவனை அவிழ்த்துவிட்டதாயிற்று. 18 மாதங்களுக்கு மேல் உண்டவரிடை மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ இருமடங்காதல் தெரிந்தது. 2004 செப்டம்பர் 30 அன்று அம்மருந்து உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே இந்தியாவிலும் தடைப்பட்டது.

இல்லந்தோறும் முதியோர் தாமாகவே ஆஸ்பிரின் விழுங்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, இதயநோய் முன்பு இல்லாத 19,114 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு 2018-இல் முடிவு கூறியது: நாள்தோறும் 100 மில்லிகிராம் உண்டதால் இதயநோய் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை, பெருங்குருதிக் கசிவோ கூடிற்று. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. முன்னரே மாரடைப்பு வந்தவரோ, இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவரோ, இவ்வாய்வைக் கேள்வியுற்று மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துவது உயிருக்கே கேடாகும்.

நோன்பிருப்போர்க்குரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாய்களை விரித்து வைத்துக் குருதி குறையாமற் காப்பவையும் அராக்கிடோனிக் அமிலத்தின் வழிவந்த புராஸ்டாகிளாண்டின்களே. வெறுவயிற்றின் உட்சுவரைக் காப்பவையும் அவையே. நீரும் அருந்தாத நாளில் தலைவலி, மூட்டுவலி என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை விழுங்குவது அவ்விரு காவலையும் ஒருசேர நீக்கும். முதியோரும், நீரிழிவு உடையோரும், இரத்த அழுத்தத்திற்கெனச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போரும் இதில் முதலில் வீழ்வர். நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்னரே தம் மருந்துச் சீட்டுடன் மருத்துவரைக் கண்டு, எவற்றை நிறுத்துவது, எவற்றைத் தொடர்வது, எவ்வேளைக்கு மாற்றுவது என்று கேட்டறிதல் வேண்டும்.