இரண்டு தாய்மார், ஒரு குழந்தை



ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் சாலமோன் அரசர்முன் வழக்காடியதை அரசர்கள் முதல் நூல் 3ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குழந்தையை இரண்டாக வெட்ட வாள் வந்தது. பிள்ளை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தவளே தாய் எனத் தீர்ப்பானது.

இந்த வழக்கை நமக்கு நினைவூட்டும் திரைப்படம், 2002இல் மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. நம் தேனி மாவட்டத்து வடுகபட்டியில் வளர்ந்த கவிஞர் வைரமுத்துவுக்கு இப்படத்தின் பாடலுக்காகத் தேசிய விருது கிடைத்தது. பாடல்களை நாம் அறிவோம். இன்று கதையைச் சற்றுச் சிந்திப்போம்.

இலங்கைப் போருக்குத் தப்பி, நிறைமாதக் கர்ப்பிணியாகப் படகில் இராமேசுவரம் வருகிறாள் சியாமா. பெற்ற மகளை இங்கே விட்டுவிட்டுப் போர் மண்ணுக்கே திரும்புகிறாள். அக்குழந்தை அமுதாவைத் திருச்செல்வனும் இந்திராவும் வளர்க்கிறார்கள். ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. பெற்றவளைப் பார்த்தே தீருவேன் என்கிறாள் அமுதா.

இந்திராவைக் கவனியுங்கள். பிள்ளை தன்னை விட்டுப் போய்விடக்கூடும் என்று தெரிந்தும், குண்டு விழும் நாட்டுக்கு அவளை அழைத்துப் போகிறாள்; அங்கே காயமும் படுகிறாள். அவர்களுக்குத் துணையாக நிற்பவர் ஒரு சிங்கள மருத்துவர். எதிரி இனத்தவர் என்று கருதப்பட்ட சமாரியர் அல்லவா அன்று அடிபட்டவருக்கு அயலார் ஆனார்!

சியாமாவைத் தீர்ப்பிடுவது எளிது. ஏன் விட்டுப் போனாய் என்று மகளே கேட்கிறாள். அதற்கு நிறைவான பதில் தாயிடம் இல்லை. அமைதி வரும் ஒரு நாளைத்தான் அவளால் காட்ட முடிகிறது. சாலமோன் வாளை நிறுத்தினார். இங்கே போர் என்னும் வாளை நிறுத்த எவருமில்லை. இருந்தும், குழந்தையைப் பிடித்திழுக்காமல் இரு தாய்மாரும் விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்கள் சந்திக்கும்போது மழை பெய்கிறது. மழையின் அருமை கம்பம் பள்ளத்தாக்கில் உழுது வாழும் நமக்குத் தெரியும். அது பெற்றவள், வளர்த்தவள் என்று பார்த்துப் பெய்வதில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றுபோலப் பெய்யும் இறையன்பின் அடையாளம் அது.

நாமோ, தத்தெடுத்த வீட்டில், 'சொந்தப் பிள்ளையா?' என்று பிள்ளையின் காதுபடக் கேட்கிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே எத்தனையோ பெற்றோர் உண்மையை மறைத்துத் தவிக்கிறார்கள். அகதிகள் முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என 2021இல் தமிழக அரசு பெயர் மாற்றியது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் நாம் இன்னும் 'அகதி' என்றே அழைக்கிறோம். பெயர் மாறினால் போதுமா, பார்வை மாற வேண்டாமா?

புனித சூசையப்பர் தாம் பெறாத பிள்ளையைத் தம் மகனாக ஏற்றார். ஊரும் இயேசுவைத் தச்சர் மகன் என்றே அழைத்தது. இந்த வாரம் அப்படியொரு குழந்தையைச் சந்தித்தால், யார் பெற்ற பிள்ளை என்று கேளாமல், பெயர் சொல்லி அன்போடு அழைப்போம். போரில் பிரிந்த தாய்மாருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இன்றிரவு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்வோம். ஆமென்.