செய்தியும் நன்னூற் குற்றங்களும்



தேன்கனிக்கோட்டை, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர். பேட்டராயசுவாமி கோயிலும் யாரப் தர்காவும் இவ்வூரின் இரு அடையாளங்கள். இத்தகைய ஊரில் ஒரு சமயத்தாரைப் பற்றிய செய்தி படித்த அளவில் மறைந்துவிடுவதில்லை. மறுநாள் அண்டை வீட்டாரின் முகத்தை எவ்வாறு நோக்குவது என்பதையும் அது தீர்மானிக்கிறது. எனவே, ஊடகங்கள் சமயங்களைப் பற்றி எழுதும் முறையைச் சொல்லின் அருமை அறிந்த கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறது நன்னூல். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். 2020 மார்ச் மாதம் தில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத்தின் கூட்டம் நடந்தது. கலந்துகொண்டு திரும்பியோரிடையே கொரோனா தொற்றுப் பரவியிருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட தொற்றாளருள் பெரும்பாலோர் அக்கூட்டத்தோடு தொடர்புடையோரே. இதனை மறைத்திருந்தால் அது குன்றக் கூறலாகியிருக்கும். அறிவித்தது கடமையே.

ஆனால், சில தொலைக்காட்சிகளும் ஏடுகளும் அந்த அளவில் நிற்கவில்லை. ஒரு கூட்டத்தின் கவனக்குறைவை ஒரு சமயத்தின் சூழ்ச்சியாக்கின. 'கொரோனா ஜிகாத்' என்ற சொல் நாடெங்கும் பரவிற்று. இது மிகைபடக் கூறல். நோயைச் சொல்லத் தொடங்கிச் சமயப் பகையில் முடிந்தமையால் மற்றொன்று விரித்தலும் ஆகும். வடமாநிலங்கள் சிலவற்றில் முஸ்லிம் காய்கறி வணிகர்கள் தெருவுக்குள் விடப்படாத நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒரு சொல்லின் விலையை அன்றாடங்காய்ச்சிகள் கொடுத்தனர்.

சில வாரங்களில் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து தொற்றுப் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. அங்கே வணிகரின் சமயத்தையோ சுமைதூக்குவோரின் சமயத்தையோ தலைப்புகள் பேசவில்லை. 'கோயம்பேடு' என்னும் இடப்பெயரே போதுமானதாயிருந்தது. நிஜாமுதீனும் ஓர் இடத்தின் பெயர்தானே? தமிழ்நாட்டு அரசின் அறிவிப்புகளிலும் 'தில்லி மாநாடு' என்றிருந்த குறிப்பு, பின்னர் 'ஒரே மூலம்' என்று மாறியது. அடையாளச் சொல்லை நீக்கியும் உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, சென்று தேய்ந்திறுதல். 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பரப்புரை செய்தன என்றும் குறிப்பிட்டது. 2025 ஜூலை 17 அன்று தில்லி உயர்நீதிமன்றம், கூட்டத்துக்கு வந்தோருக்குத் தங்க இடமளித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் 70 பேர் மீதான 16 வழக்குகளை ரத்துச் செய்தது. பழி பல வாரங்கள் முழங்கிற்று. ஐந்தாண்டு கழித்து வந்த விடுவிப்போ ஒருநாள் செய்தியாய்த் தேய்ந்தது. பழியைப் படித்தோருள் எத்தனை பேர் விடுவிப்பையும் படித்திருப்பர்?

நன்னூலை இயற்றிய பவணந்தியார் சமண முனிவர். அதற்கு விரிவான உரை கண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். நூலின் தகுதியை நோக்கினரேயன்றி நூலாசிரியரின் சமயத்தை நோக்கினாரல்லர் நம் முன்னோர். செய்தி எழுதுவோருக்கும் அதனைப் படிப்போருக்கும் இந்நெறி பொருந்தும். ஒரு செய்தியில் சமயப்பெயரைக் கண்டால், அதனை நீக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக. பொருள் குறையவில்லையெனில், அப்பெயர் அங்கே பொருளுக்காக இடப்பட்டதன்று.