சம்பளமும் சம்மதமும்

திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று வானொலியில் ஆற்றிய மறையுரை



இன்று தாய்த் திருச்சபை திருக்குடும்பத்தின் விழாவைக் கொண்டாடுகிறது. இன்றைய நற்செய்தியில் யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்து நாட்டுக்குப் போகிறார். ஏரோது தேடியது குழந்தையை. ஆனால் புறப்பட்டது மூன்று பேரும். ஆபத்து நீங்கியபோது மூவரும் ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். எளிய தச்சர் ஒருவரால் தன் குடும்பத்துக்கு வேறு எதைக் கொடுக்க முடிந்ததோ இல்லையோ, சேர்ந்திருப்பதைக் கொடுக்க முடிந்தது.

இந்தப் பாக்கியம் கிடைக்காத குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. தை பிறந்தால் நம் ஊரில் கலியாணங்கள் தொடங்கிவிடும். லண்டனிலிருந்து மணமகனோ மணமகளோ மூன்று கிழமை விடுமுறையில் வருவார்கள். கோயிலில் திருமணம், மண்டபத்தில் விருந்து, உறவினர் வீடுகளில் சாப்பாடு. பிறகு ஒருவர் விமானம் ஏறுவார். மற்றவர் இங்கே நிற்பார். "ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடுவார்" என்று வீட்டார் சொல்வார்கள். ஆறு மாதம் ஒரு வருடமாகும், ஒரு வருடம் மூன்று வருடமாகும். ஏன் என்று கேட்டால், "பேப்பர் வேலை நடக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பல வேளைகளில் அந்தப் பேப்பர் வேலையைத் தடுத்து நிறுத்துவது ஒரே ஓர் எண். அந்த எண்ணைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மறையுரையில் சம்பளக் கணக்கா என்று நினைக்க வேண்டாம். கணவன் மனைவியைப் பிரித்து வைக்கிற எதுவும் மறையுரைக்கு வெளியே நிற்பதில்லை.

2012ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி பிரித்தானிய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் தன் கணவனை அல்லது மனைவியை அழைக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானத்தைக் காட்ட வேண்டும் என்பது அந்த விதி. அதற்கு முன்னர் நிலையான தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. அரசின் உதவிப்பணத்தில் தங்காமல் குடும்பம் நடத்த முடியும் என்று காட்டினால் போதும். 2024 ஏப்ரல் 11 முதல் அந்தத் தொகை 29,000 பவுணாக உயர்ந்தது. அதை 38,700 வரை கொண்டுபோகவும் அன்றைய அரசு திட்டமிட்டிருந்தது; அடுத்து வந்த அரசு அந்த உயர்வை நிறுத்தி வைத்தது.

29,000 பவுண் என்றதும் நாங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, அங்கே இருப்பவர்களுக்கு இது என்ன பெரிய காசு என்று நினைக்கிறோம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயதை அடைந்த ஒருவருக்குச் சட்டம் நிர்ணயித்த ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் கிழமைக்கு 40 மணித்தியாலம், 52 கிழமையும் தவறாமல் வேலை செய்தாலும் ஏறத்தாழ 25,400 பவுண்தான் வந்தது. 29,000 எட்ட வேண்டுமானால் கிழமைக்கு 46 மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு முழுவதும் விழித்திருக்கிற தம்பியும், முதியோர் இல்லத்தில் நோயாளரைத் தூக்கிக் கிடத்துகிற தங்கையும் இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கிறார்கள். அவர்களை உழைக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

உழைத்தால் மட்டும் போதாது, உழைத்ததைக் காட்டவும் வேண்டும். ஒரே முதலாளியிடம் வேலை செய்பவரானால் ஆறு மாதச் சம்பளச் சிட்டைகளும், அதே சம்பளம் வங்கிக்கு வந்து சேர்ந்ததைக் காட்டும் கூற்றுகளும் வேண்டும். கையில் காசாக வாங்கி, கணக்கில் வராத சம்பளம் எவ்வளவு பெரிதானாலும் அங்கே செல்லாது. இங்கே இருக்கிற மனைவி ஆசிரியையாகவோ வைத்தியராகவோ இருக்கலாம். அவர் இலங்கையில் எடுக்கிற சம்பளம் சேராது. அங்கே போய் எடுக்கப்போகிற சம்பளமும் சேராது. "தம்பியின் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அண்ணன் கடிதம் கொடுத்தாலும் சாதாரண வழியில் அதுவும் சேராது.

சேமிப்பை மட்டும் காட்டி அழைப்பதானால் 88,500 பவுண் ஆறு மாதமாக அவர்களுடைய கணக்கில் இருக்க வேண்டும். சம்பளம் சிறிது குறைந்தால், குறைகிற அளவுக்கு ஏற்பச் சேமிப்பையும் சேர்த்துக் காட்ட வழியுண்டு. உடல் இயலாமைக்காகவோ நோயுற்றவரைப் பராமரிப்பதற்காகவோ அரசிடமிருந்து குறிப்பிட்ட உதவிப்பணங்களைப் பெறுபவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. அவர்களுக்கு வேறு அளவுகோல். இவை எல்லாம் சரிவந்த பிறகும் வீசாக் கட்டணம் தனியாக, சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண் தனியாக.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். "கனடாவில் என் மகன் இலகுவாகக் கூப்பிட்டானே" என்று சிலர் ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். கனடாவில் கணவன் அல்லது மனைவியை அழைப்பதற்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. மூன்று வருடம் பராமரிப்பேன் என்ற வாக்குறுதியைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வறுமைக் கோட்டுக்கு அந்நாடு வகுத்த தொகையின் 125 சதவீதம் வேண்டும். அங்கே இன்னொருவர் கூட்டாகக் கையெழுத்திடலாம், ஆனால் அந்தக் கையெழுத்தின் பொறுப்பு விவாகரத்தோடுகூட முடிவதில்லை. ஆகவே ஒரு நாட்டின் கதையைக் கேட்டு இன்னொரு நாட்டு மணமகனைத் தூற்றாதீர்கள்.

அன்பானவர்களே, இந்தச் சட்டத்தை ஒரு கிறிஸ்தவன் எப்படிப் பார்க்க வேண்டும்? வருகிறவர்கள் பொதுப் பணத்துக்குச் சுமையாகக் கூடாது என்பது அரசு சொன்ன காரணம். ஒரு நாடு தன் எல்லையைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்பதைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், புலம்பெயர்ந்து உழைப்பவர்கள் இயன்ற விரைவில் தங்கள் குடும்பத்தோடு சேர்வதைச் சலுகையாக அல்லாமல் உரிமையாகவே பேசுகிறது. சேர்ந்து வாழ்வது மணமக்களின் கடமையும் உரிமையும் என்கிறது நம் திருச்சபைச் சட்டம். பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் 2017 பெப்ரவரி 22இல் வழங்கிய தீர்ப்பில், வருமான எல்லை சட்டத்துக்கு முரணானது அல்ல என்று சொன்னாலும், பிள்ளைகளின் நலனை விதிகள் போதியளவு கவனிக்கவில்லை என்று கண்டித்தது. அதன் பிறகு, மறுப்பது அந்தக் குடும்பத்துக்கு மிகக் கடுமையான விளைவைத் தருமானால் வேறு வருமான வழிகளையும் பார்க்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. பிள்ளையோடு காத்திருக்கும் தாய்மார் இதை நல்ல சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

இந்த வேதனை புதிதும் அல்ல. தொடக்கநூலில் யாக்கோபு ராகேலை மணக்க ஏழு வருடம் மாமனார் லாபானிடம் வேலை செய்தார். வாக்கு மாறியதால் இன்னும் ஏழு வருடம் உழைத்தார். என் கூலியைப் பத்து முறை மாற்றினார் என்று பின்னாளில் யாக்கோபு முறையிடுகிறார். 18,600க்காக ஓடி ஓடி உழைத்து, கையெட்டும் வேளையில் அது 29,000 ஆனதைக் கண்டவர்களுக்கு அந்த முறையீடு நன்றாக விளங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாக்கோபு எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் ராகேலின் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாக்கை மறைத்துப் புரட்டியவர் லாபான்தான்.

நம் கலியாணப் பேச்சுகளில் அப்படி வெளிப்படையாகப் பேசுகிறோமா? மணமகனின் படிப்பைக் கேட்கிறோம், ஊரைக் கேட்கிறோம், சீதனத்தைப் பேசுகிறோம். அவருடைய சம்பளத்தை மட்டும் புரோக்கரின் வாயால் கேட்டுத் திருப்திப்படுகிறோம். கடையில் வேலை செய்பவர் முகாமையாளர் ஆகிவிடுகிறார். ஆண்டுக்கு 20,000 பவுண் எடுப்பவர், உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்து மௌனமாகிறார். பெண் வீட்டார், கேட்டால் மரியாதை இல்லை என்று கேட்காமல் விடுகிறார்கள். தாலி ஏறிய பிறகு வீசா அதிகாரி கேட்கிறார். அவர் கேட்கும்போது சொல்லித்தானே ஆக வேண்டும்?

திருமணத்தை உருவாக்குவது சம்மதம் என்று நாம் படிப்பிக்கிறோம். எத்தனை காலம் பிரிந்திருக்க வேண்டி வரும் என்பதை அறியாமல் ஒரு பெண் பிள்ளை கொடுக்கிற சம்மதம் பாதிச் சம்மதம். ஆகவே பெற்றோரே, மணமக்களே, ஓலையடிக்கும் முன்னர், மண்டபம் பதியும் முன்னர், இருவரும் நேராகப் பேசட்டும். வருடத்துக்கு எவ்வளவு? முழுவதும் சிட்டையில் வருகிறதா? எத்தனை மாதமாக அதே வேலை? கடன் உண்டா? அங்கே வதிவிட உரிமை எப்படிப்பட்டது? திருமண விசாரணைக்கு வருகிறவர்களை இருவருமாக இருத்தி நான் இதைக் கேட்கிறேன். சிலருக்கு அது சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடம் ஒரு மணித்தியாலம். மறைத்ததன் வேதனை பல வருடம். 20,000 என்று உண்மை சொன்னவரை, "சரி, இரண்டு வருடம் காத்திருப்போம்" என்று அறிந்து ஏற்றுக்கொள்கிற பெண்ணும் உண்டு. அதுதான் முழுச் சம்மதம்.

இதே எண்ணைச் சாட்டி அநியாயம் செய்பவர்களும் இருக்கிறார்கள். "கணக்கில் காட்ட வேண்டும்" என்று சொல்லிப் பெண் வீட்டாரின் காணியை விற்கச் சொல்லிச் சீதனத்தைக் கூட்டுவது பாவம். வட்டிக்கு எடுத்த காசைச் சேமிப்பாகக் காட்டுவதை அந்தச் சட்டம் ஏற்பதில்லை. அன்பளிப்பானாலும் அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் கடையில் வேலை செய்ததாகப் பொய்ச் சிட்டை அடிப்பவர்களை நம்பாதீர்கள். பிடிபட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும். செய்த பொய் அடுத்த விண்ணப்பத்திலும் கூடவே வரும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு குடும்பம் பொய்யின் மேல் தன் முதல் கல்லை வைப்பது. காசு கட்டுவதானால், அந்நாட்டில் ஆலோசனை சொல்ல அனுமதி பெற்றவரிடம் மட்டும் கட்டுங்கள்.

காத்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் உங்கள் துணைவரின் சம்பளத்தை அளக்கிறது. அவருடைய அன்பை அளக்க அதனால் முடியாது. உங்கள் மதிப்பை அளக்கவும் முடியாது. தொலைபேசியில் கணக்குக் கேட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன், இன்று சாப்பிட்டீர்களா, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள் என்று கேளுங்கள். இந்த நாட்களை வெறுமையாக விடாமல் தேவையான ஆங்கிலப் பரீட்சைக்குப் படியுங்கள். பத்திரங்களை ஒழுங்காகச் சேருங்கள். அங்கே உழைப்பவர்களே, இரண்டு வேலை மூன்று வேலை என்று உடம்பை முறிக்காதீர்கள். வருமானம் குறைந்துவிட்டால், வேலை போய்விட்டால், அதை முதலில் அறிய வேண்டியவர் உங்கள் துணைவர்.

அயலவர்களே, நல்லது கெட்டது எதற்குப் போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்து "இன்னும் வீசா வரவில்லையோ?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதில்லை. பக்கத்தில் இடம் விட்டு இருக்கச் சொல்லுங்கள்; அது போதும்.

எகிப்தின் பாதையில் ஒன்றாக நடந்த திருக்குடும்பமே, பிரிந்து வாழும் எங்கள் குடும்பங்களை ஒன்று சேர்த்தருளும். சேரும் நாள்வரை அவர்களிடையே உண்மையும் பொறுமையும் குறையாதிருக்கச் செய்தருளும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.