கையசைவில் பறக்கும் போர் விமானம்

 

2006ஆம் ஆண்டு வெளிவந்த நிண்டெண்டோ வீ கருவியில் கையின் அசைவே விளையாட்டாயிற்று. கைக்கருவியிலுள்ள உணரி சாய்வை அறிகின்றது. மணிக்கட்டைத் திருப்பினால் திரையில் விமானம் புரள்கின்றது. 2007இல் வந்த 'ஹீட்சீக்கர்' எனும் போர் விமான விளையாட்டில், ஏவுகணையைப் பின்தொடர்ந்து சென்று இலக்குச் சிதறுவதை அருகிருந்து காட்டும் காட்சியும் உண்டு. சிதறிய விமானத்தினுள் இருந்தவரை எதிர்பார்த்து ஒரு வீடு காத்திருக்குமே, அதனை எந்தக் கமெராவும் பின்தொடர்வதில்லை.

வேகத்தை விரும்புவது வாலிபத்தின் இயல்பு, அதனைக் குறைகூறேன். ஆயினும் பெற்றார்களே, பிள்ளையைத் தனியே விடாது பக்கத்தில் அமருங்கள். நீங்களும் ஒரு சுற்று விளையாடுங்கள் (நிச்சயம் தோற்பீர்கள்!). பின்னர், "மகன், அந்த விமானி யாருடைய வாப்பா?" என்று கேளுங்கள். அவர் யோசிக்கட்டும். அஸருக்குப் பாங்கு ஒலித்ததும் கருவியை நிறுத்திவிட்டு, இருவருமாகப் பள்ளிக்குச் செல்லுங்கள்.