ஏமாந்த நாளும் தெரிந்த நாளும்



ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பாடுபடும் குடும்பங்களுக்கு ஓர் ஆசை உண்டு. ஐம்பது கஜமானாலும் சொந்த மனை வேண்டும். கையில் பணம் போதாது. வங்கிக்குப் போகிறார்கள். வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் மனையைப் பார்க்கிறார். இன்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அதை நம்பித்தான் கடன்.

அந்தக் கையெழுத்தே பொய் என்றால்?

ஒரு பேச்சுக்குச் சொல்வோம். ஒருவர் 2019-இல் மனை வாங்கினார். அது ஏரித் தண்ணீர் நிற்கும் இடம். மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். விற்பவரிடம் பணம் வாங்கிக்கொண்டு மறைத்துவிட்டார். 20 லட்சம் மனையை 30 லட்சம் என்று எழுதினார். வாங்கியவருக்கு 2024-இல்தான் விஷயம் தெரிகிறது.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. 2022-இலேயே முடிந்துவிட்டதா? இல்லை. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், 17-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. மோசடி என்றால், அது தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கு.

ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. விசாரித்திருந்தால் என்று தெரிந்திருக்குமோ, அந்த நாளிலிருந்தும் கணக்குத் தொடங்கும். 2020 அக்டோபரில் ஃபாக்ஸ் சாகர் ஏரி நிரம்பியது. உமாமகேஸ்வரா காலனி வெள்ளத்தில் நின்றது. அப்படி ஒரு வெள்ளம் இவர் மனைக்குள்ளும் வந்திருந்தால்? "அன்றே ஏன் விசாரிக்கவில்லை?" என்று நீதிமன்றம் கேட்கும். அப்போது கெடு முன்னதாகவே முடிந்துவிடலாம். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைப் பெட்டியில் பூட்டி வைத்தவருக்கும் இதே கேள்விதான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டே ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். ஏமாற்றிச் சொத்தைப் பறித்ததாகப் போலீசில் புகார் கொடுக்கக் கெடுவே கிடையாது. அந்தக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் சிறை உள்ள குற்றங்களுக்குச் சட்டம் கெடு வைக்கவில்லை. என்றாலும், நாளானால் சாட்சி கலைந்துவிடும்.

தவறு வேறு, மோசடி வேறு. ஐதராபாத் நாராயணகுடாவில் விஜயா வங்கிக் கிளை இருந்தது. அங்கே வீட்டுக் கடன் மோசடி வழக்கு வந்தது. மனைப் பத்திரங்களுக்குக் கருத்து எழுதித் தந்த வழக்கறிஞரையும் சி.பி.ஐ. சேர்த்தது. அவர் மீதான வழக்கு ரத்தானதை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கவனக் குறைவு மட்டும் குற்றமாகாது, சதியில் பங்கு இருக்க வேண்டும் என்றது. ஆகவே பணம் கைமாறியதற்கோ, தெரிந்தே மறைத்ததற்கோ ஆதாரம் வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100.