மண்ணின் குறையும் எமது குறையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உழவைக் குலத்தொழிலாகக் கொண்ட நம்மவர் கூடிய இவ்வவையில், கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியைக் குறித்துச் சில கூறுமாறு எம்மைப் பணித்தனர். யாம் அங்குப் பயின்றவரல்லோம். அதனாற் பயனடைந்தோம் என்னும் உரிமை ஒன்றே எமக்கு உளது.

1868-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தோன்றிய சிறு பள்ளியே அதன் வித்து. பின்னர் அது கோவைக்குப் பெயர்ந்து கல்லூரியாகி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வரலாறு இவ்வளவில் நிற்க.

கோணாமணி என்னும் பழைய நெல்லினிடையே வேறுபட்டுத் தோன்றியதொரு பயிரைத் தனியே பிரித்து வளர்த்து, 1921-இல் ஜி.இ.பி. 24 என வெளியிட்டனர். நம் பாட்டன்மார் கிச்சிலிச் சம்பா என்று விரும்பியுண்டது அதுவே. அதனைக் கோ 18 நெல்லோடு கலந்து பெற்றது டி.கே.எம். 6, அவ்வழியிற் பிலிப்பைன்ஸ் தேசத்திற் பிறந்தது ஐ.ஆர். 20. ஏழு தலைமுறைக் குலமுறை கிளத்தும் நாம், உண்ணும் சோற்றின் குலமுறை அறியாதிருத்தல் வேடிக்கையன்றோ?

இனி எமது பேதைமையையும் சொல்லிவிடுகின்றோம். மூன்றாண்டுகட்கு முன் எம் வயலில் நட்ட மூன்றாம் வாரத்திலேயே பயிர் குன்றி, அடியிலைகளிற் துருநிறப் புள்ளி படர்ந்தது. நோயென்று கருதிக் கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் கடனுக்கு வாங்கித் தெளித்தோம். கடன் ஏறிற்று, பயிர் ஏறவில்லை. எம் மனையாள்தான், வேளாண் அறிவியல் நிலையத்தாரை ஒருமுறை கேட்டாலென்ன என்றனள். வந்து கண்ட இளம்பெண் ஒருவர், இது நோயன்று, மண்ணில் துத்தநாகக் குறை என்றார். மறுபோகத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலிற் கலந்து தூவினோம், பயிர் தேறிற்று. அப்பெண்ணின் வயது எம் பெயர்த்தியின் வயதே. முதலில் அவரை வரப்பிலேயே நிறுத்திப் பேசியதை எண்ணி நாணுகின்றோம்.

இத்தகைய நிலையங்களுள் இந்தியாவில் முதலாவது, 1974-இல் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பிற் புதுச்சேரியிலே நிறுவப்பெற்றது. ஆராய்ச்சிக் கூடத்திற் கண்டது வரப்பிற்கு வருவது இவ்வழியாலேயாம்.

ஆயினும் நமது கல்வி நிதியில் உதவி வேண்டி வேளாண்மை பயில விரும்பினோர் எவரும் இதுகாறும் மனுச் செய்திலர். செய்வாரையும் பெற்றோர் தடுக்கின்றனர் என்று கேள்வி. சென்ற மாதம் ஒரு சிறுமி எம்மிடம் வந்து, “தாத்தா, அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்” என்றாள். அவள் தந்தையார் இவ்வவையிலேயே வீற்றிருக்கின்றார். அவருக்கே சொல்கின்றோம்: மனுவுக்கு இன்னும் நாளுளது.

மற்றொன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்திற்கு அவரவர் வயல்மண் கொணர்க. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியன நீக்கி, பல இடங்களில் ஒரு சாண் ஆழத்திற்குச் சற்றுக் குறைய வெட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, ஒன்றாய்க் கலந்து, அரைக்கிலோ அளவு துணிப்பையிற் கட்டுக. பையின்மேல் பெயரும் வயலின் பெயரும் எழுதுதல் வேண்டும். ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச்செல்லும் பொறுப்பைக் காரியதரிசி ஏற்றுள்ளார்.