திருச்சபையும் நம் பேரேடும்

(வேப்பந்தட்டையில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்தவ சபையிற் சேர்ந்துவிட்ட நம் குலத்தார் இச்சங்கத்திலும் அங்கத்தினராய் இருத்தல் கூடுமோ என்னும் வினா, சென்ற மூன்று கூட்டங்களாகக் காரியக் கமிட்டியில் எழுந்து, வெற்றிலைத் தட்டு வந்தவுடன் விடை காணாமலே அடங்கிப் போயிற்று. ஆதலின் அதனைக் குறித்துச் சிறிது பேசுமாறு தலைவரவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் அச்சபையைச் சேர்ந்தவரல்லேம்; அச்சமயத்தின் தத்துவங்களை விரித்துரைக்கும் கல்வியும் எமக்கில்லை. ஒருவர் ஒரு சபையைச் சேர்ந்தவர் என்று சொல்லும்போது அச்சொல்லுக்குப் பொருள் யாது, சேர்ந்தவரை அச்சபை எவ்வாறு வைத்துப் பேணுகிறது என்பதை மட்டும், கண்டதும் கற்றதும் கொண்டு கூறப் புகுகின்றோம்.

நம் ஊரினின்றும் பெரம்பலூர் கடந்து, அரியலூரும் கடந்து, கொள்ளிடக் கரையை நெருங்குவோமாயின் ஏலாக்குறிச்சி என்னும் ஊரைக் காண்போம். தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலி தேசத்திற் பிறந்து, 1747இல் தம் வாழ்வை முடித்தவர். அவர் ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டு புரிந்து, அவ்வூர்க்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே கோயில் கொண்ட அன்னைக்கோ அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்குப் பெயர் காவல். தாய்க்குப் பெயர் அடைக்கலம். அரியலூரை ஆண்ட மழவராயர் அக்கோயிலுக்கு நிலம் ஈந்தார் என்று அப்பக்கத்தார் வழிவழியாகச் சொல்வர். அது மெய்யாயின், பிறர் அடைக்கலம் புகுவதற்கு அச்சபையைச் சேராத ஒருவரே நிலம் தந்தார் என்றாகிறது. இதனை நம் கமிட்டியார் சிறிது மனத்தில் வைப்பார்களாக.

ஆயினும், அடைக்கலம் என்று பெயரிடுதல் எளிது. புகுந்தவரை உள்ளே எவ்விடத்தில் அமர்த்துவது என்பதே அரிது. திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தில் இதற்கு இரண்டு சாட்சிகள் உள.

முதற் சாட்சி ஒரு விதவை. மராட்டிய பிராமண குலத்திற் பிறந்த அவ்வம்மையார், கணவனை இழந்தபின் ஓர் ஆங்கிலேயப் படைத்தலைவரின் ஆதரவில் வாழ்ந்து வந்தார். கிறிஸ்து மார்க்கத்தை அவரிடம் கற்று, தஞ்சையிலிருந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். அப்படைத்தலைவரோடு முறையான விவாகமின்றி வாழ்கின்றார் என்னும் காரணத்தால் ஐயர் மறுத்துவிட்டார். பின்னர் அப்படைத்தலைவர் இறந்தார். தம் குலத்தாரிடம் மீளவும் வழியில்லை; வெள்ளையரிடத்தும் இடமில்லை. ஐயர் 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, முன்பு மறுத்த அவரே அவ்வம்மையாருக்கு ஞானஸ்நானம் தந்தார். கிளாரிந்தா என்பது அவர் பெற்ற பெயர். இரண்டாண்டு கழித்து, 1780இல், அவ்வூர்ச் சபையாரின் பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டன. மொத்தம் நாற்பது பெயர்கள். ஒரு குலத்தார் அல்லர், பல குலத்தார். கிளாரிந்தா அம்மையாரின் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அவ்வூரார் வழங்கி வருகின்றனர். வாயிலில் நிறுத்தப்பட்ட பெண்ணின் பெயராலேயே வாயில் வழங்குகிறது பாருங்கள்! மறுத்தவர் மனம் மாறியதும், மறுக்கப்பட்டவர் மனம் கசவாதிருந்ததும் ஆகிய இரண்டில் எது பெரிதென்று எமக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது சாட்சி ஒரு சுவர். அச்சீமையின் தென்பகுதியில் உள்ள வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872ஆம் ஆண்டில் ஒரு பெரிய தேவாலயம் கட்டினர். பலிபீடம் ஒன்றே, அதனை நோக்கிய மண்டபங்களோ இரண்டு. கால்சட்டையின் இரு கால்களைப் போல அவை பிரிந்து நின்றன. மேற்குலத்தார் என்று தம்மைச் சொல்லிக் கொண்டவர்கள் ஒன்றிலும், மற்றையோர் மற்றொன்றிலும் இருந்து ஒரே பூசையைக் கண்டனர். நடுவே சுவர். இவர் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் இவருக்குத் தெரியாது. 1910ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தவுடன் என்ன நேர்ந்தது? சுவரை இழந்தவர்கள் தமக்குத் தனியிடம் உரிமை என்று வழக்கிட்டு, மதராஸ் ஹைகோர்ட்டு வரை சென்று தோற்றனர். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தும், பக்கத்தில் அமர்வதற்கு மட்டும் நீதிபதியின் தீர்ப்பு வேண்டியிருந்தது.

புராட்டஸ்டாண்டாரிடத்தும் இக்குறை இல்லாமலில்லை. 1833இல் டானியேல் வில்சன் என்னும் கல்கத்தா அத்தியட்சர், சபைக்குள்ளே சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென்று நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் திரளானோர் சபையை விட்டு வெளியேறினர். இன்றளவும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் பழைய இருக்கை முறையே வேண்டுமென்று வாதாடியவரே. இசையில் அவ்வளவு உருகிய உள்ளம் பாயில் உருகவில்லை.

இதனைக் கேட்டு இங்கே சிலர் நகைக்கின்றீர்கள். நகைத்தல் நமக்கு அழகன்று. நேற்றைய விருந்தில் பந்தி எவ்வாறு பிரிந்தது, கூலி வேலை செய்யும் நம் சொந்தங்கள் எந்தப் பந்தியில் எந்நேரம் அமர்ந்தார்கள் என்பதை நீங்களே கண்டீர்கள். ஒரே குலத்துக்குள்ளேயே நாம் சுண்ணாம்பில்லாத சுவர் கட்டத் தெரிந்தவர்கள்.

நல்ல சபை என்பது குறையில்லாத சபை அன்று என்பதைக் காட்டவே இவற்றைச் சொன்னோம். இனி, அது அன்றாடம் எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்குமுன் வீட்டுப்பெண் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இடுவாள். அது சேர்ந்து கோயிலுக்குப் போகும். ஒரு பிடி அரிசியால் எவ்வீட்டிலும் சோறு குறைவதில்லை. கொடுக்க இயலாத ஏழை என்று ஒருவரும் ஒதுங்கி நிற்பதுமில்லை. அசனம் என்பது மற்றொன்று. ஊரார் அனைவரும் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து, ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய் இருந்து உண்பர். இவற்றை யாம் மிகப் பெரியனவாக மதிக்கின்றோம். பிரசங்கத்தில் அனைவரும் சகோதரர் என்று சொல்லிவிடலாம். ஒரே அண்டாவிலிருந்து அள்ளிய சோற்றை உண்ணும்போதுதான் அச்சொல் தொண்டையில் இறங்குகிறதா, நிற்கிறதா என்பது தெரியும்.

இனி யாம் சொல்ல நாணும் ஒன்றைச் சொல்லல் வேண்டும்.

இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நம் குலத்து அம்மையார் ஒருவர், கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நம் சங்கத்தின் விதவை உதவிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவர் ஞாயிறுதோறும் அருகிலுள்ள சபைக்குச் செல்லத் தொடங்கினார் என்றும், பின்னர் ஞானஸ்நானம் பெற்றார் என்றும் செய்தி வந்தது. ஏன் சென்றீர் என்று நம்மில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவர் பெயரின்மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டது. இழுத்த பேனா எம்முடையது. பட்டியலில் கையெழுத்திடும் பொறுப்பு அக்காலத்தில் எம்மிடம் இருந்தது.

பின்னொரு தை மாதத்தில் அவருக்குக் கொடிய காய்ச்சல் கண்டது. தை மாதம் எத்தகையதென்று உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. மக்காச்சோளக் கதிர் ஒடிப்பும் பருத்தி எடுப்பும் ஒருங்கே நெருக்கும். ஒருநாட் கூலியை இழத்தல் ஏழைக்குப் பெரிது. அக்காலத்தில் அச்சபைப் பெண்கள் முறைவைத்து, நாளுக்கொருத்தியாய்த் தம் கூலியை விட்டு, அவர் அருகே இருந்தார்கள். ஒருத்தி கஞ்சி காய்ச்சினாள்; ஒருத்தி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள்; ஒருத்தி ஒன்றும் செய்யத் தெரியாமல் வெறுமனே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களில் நம் குலத்தார் ஒருவருமில்லை. யாம் பத்து நாள் கழித்து, மனம் உறுத்த, ஒரு மூட்டை அரிசியோடு சென்றோம். திண்ணையில் சாய்ந்திருந்த அவர் எம்மைக் கண்டு எழ முயன்று, “வாருங்கள், அண்ணா. பெண்ணுக்கு வரன் கூடிற்றா?” என்று கேட்டார். அரிசியைப் பற்றியும் கேட்கவில்லை. கோட்டைப் பற்றியும் கேட்கவில்லை. உள்ளிருந்த பெண்ணை அழைத்து எமக்குக் காப்பி தரச் சொன்னார். அதனைக் குடித்து முடிப்பது எமக்கு எளிதாயிருக்கவில்லை.

அன்று அவர் சொன்ன ஒன்று நினைவில் நிற்கிறது. முதலில் அவர் சபைக்குச் சென்றது வேதம் கேட்க அன்றாம். இரண்டு வாரம் வாராதிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் அங்கே உண்டு என்று கேள்விப்பட்டுச் சென்றாராம். “நான் வரவில்லையென்று ஒருவருக்குத் தெரிந்தது, அண்ணா” என்றார். சேர்ந்திருத்தல் என்பதற்கு யாம் தேடிக்கொண்டிருந்த பொருள் இதுவே என்று எமக்குத் தோன்றிற்று. நம் சங்கத்தின் சந்தா ரசீதில் நம் பெயர் தெளிவாக அச்சாகிறது. நாம் வாராதிருந்தால் தெரிந்துகொள்வார் எத்தனை பேர்?

“அவர்கள் நம்மை விட்டுப் போனார்கள், நாம் ஏன் பற்றிக்கொள்ள வேண்டும்?” என்று கமிட்டியில் ஒரு நண்பர் வினவினார். நியாயமான வினாவே. ஒரு சங்கத்துக்கு எல்லை வேண்டும் என்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வம்மையார் செய்தியில் முதலில் போனவர் யார்? கணவர் இறந்த பதினாறாம் நாளுக்குப் பின் அவர் வாயிலை மிதித்த நம்மவர் யாவர் என்று யாம் விசாரித்துப் பார்த்தோம். விடையை இங்கே சொல்லவில்லை. மேலும், ஞானஸ்நானம் பெற்றதனால் அவர் நமக்குத் தங்கையல்லர் ஆகிவிட்டாரா? அவர் நம்மை அண்ணா என்றழைப்பதை விடவில்லையே!

சபையாருக்கும் ஒரு சொல் உண்டு. இக்கூட்டத்துக்கு அவர்களில் சிலரும் அழைப்பின்பேரில் வந்திருக்கின்றனர். எங்கள் தங்கையை நீங்கள் பேணியதற்கு யாம் கடமைப்பட்டுள்ளோம். வடக்கன்குளத்துச் சுவர் இடிந்தது 1910இல். உங்கள் ஊர்க் கல்லறையில், உங்கள் பாயில், உங்கள் சம்பந்தங்களில் அது எழும்பாமற் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்களும் எங்கள் பந்தியைப் பார்த்துக்கொள்ளுகிறோம்.

பழைய பட்டியற் புத்தகம் இதோ மேசைமேல் இருக்கிறது. கோடு இழுத்த பெயர்கள் அதில் ஏழு. ஐவர் உயிரோடிருக்கின்றனர், அவர்களில் அவ்வம்மையாரும் ஒருவர். அவர் இன்று பின்வரிசையில், தம் சபைப் பெண்கள் இருவரோடு அமர்ந்திருக்கின்றார். அப்பெயர்களை மீண்டும் எழுதிக்கொள்வதற்கான தீர்மானத்தைக் காரியதரிசி அவர்கள் இப்போது வாசிப்பார்கள். அதனை யாம் முன்மொழிகின்றோம். ஆமோதிப்பார் எழுந்து நிற்க.